மாதிரி ரயிலின் ஏழங்குலக் குறை

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவம் சிறுதேர்ப் பருவம் என்பதை மாணவ நண்பர்கள் அறிவீர்கள். சிறு குழந்தை சிறுதேர் உருட்டி விளையாடும்போது, கோயில் தேரின் அச்சு எத்தனை முழம், இந்தத் தேரின் அச்சு எத்தனை விரற்கடை என்று யாரும் கோல் கொண்டு அளப்பதில்லை. தேர் போலத் தோன்றினால் போதும். எஞ்சியதைக் குழந்தையின் உள்ளம் நிரப்பிக்கொள்ளும். விளையாட்டுப் பொருளுக்கு அதுவே இலக்கணம். ஆனால் அதே குழந்தை வளர்ந்து, கையில் அளவுகோலை எடுத்து, "இது மெய்ப்பொருளை எந்த அளவுக்கு ஒத்திருக்கிறது?" என்று கேட்கத் தொடங்கிவிட்டால், விளையாட்டுப் பொருள் மாதிரியாக மாறத் தொடங்குகிறது. கேள்வியும் விளையாட்டுக் கேள்வியாக இருப்பதில்லை. பிரிட்டனில் அத்தகைய கேள்வியொன்றை எழுப்பியவர்கள், ஏழு அங்குலம் குறைந்த ஒரு பாதையைத் திருத்துவதற்காக ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பாடுபட்டார்கள். அவர்களது வரலாற்றையே இவ்வுரையில் காணப் புகுகிறோம்.

ரயில் பாதைகள் தோன்றிய சிறிது காலத்திலேயே தகரத்தாலும் மரத்தாலும் செய்த பொம்மை ரயில்களும் தோன்றிவிட்டன. அவை தரையில் உருண்டன; அவற்றிற்குப் பாதை கூடக் கட்டாயமில்லை. 1891ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரத்து மார்க்லின் நிறுவனத்தார் லைப்சிக் சந்தையில் ஒரு புதுமையைக் கொண்டுவந்து வைத்தனர். சாவி முடுக்கினால் ஓடும் ரயிலோடு, துண்டு துண்டாக இணைத்துக்கொள்ளத்தக்க தண்டவாளங்களையும் விற்கலாயினர். அத்தண்டவாளங்கள் குறிப்பிட்ட சில அகலங்களில் மட்டுமே செய்யப்பட்டன; ஒவ்வோர் அகலத்திற்கும் ஓர் எண் இடப்பட்டது. இன்று ஒரு துண்டு வாங்கியவன் அடுத்த பிறந்தநாளுக்கு இன்னொரு துண்டு வாங்கி அதனோடு பொருத்தலாம். வணிகத்திற்கு இது பெரும் வசதி. ஆனால் இதில் மற்றொன்றும் அடங்கியிருந்தது. பாதையின் அகலம் முதலில் வகுக்கப்பட்டது. அதன்மேல் ஓடும் வண்டி எந்த விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது பின்னரே எண்ணிப் பார்க்கப்பட்டது. இந்த முன்பின் மாற்றமே பிற்காலத் தொல்லைகளுக்கெல்லாம் வித்து.

இங்கிலாந்தில் நார்தாம்டன் நகரத்தைச் சேர்ந்த பேசெட் லோக் என்பவர் 1899இல் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருக்குப் பொறியியல் துணையாக விளங்கியவர் ஹென்றி கிரீன்லி. இவ்விருவரும் பொம்மை ரயிலைப் பெரியவர்களின் கலையாக உயர்த்தினார்கள் எனலாம். எந்த இரயில்வேயின் எந்த எஞ்சின் என்று பார்த்தவுடன் சொல்லத்தக்க மாதிரிகளை அவர்கள் வெளியிட்டார்கள். 1910இல் லண்டனில் மாதிரி ரயில் கழகம் ஒன்று நிறுவப்பட்டது. இக்கலைக்கென அமைந்த மிகப் பழைய சங்கங்களுள் அது ஒன்று. ஓய்வு நேரத்தில் அரமும் பற்றாசுக் கோலும் எடுத்து வேலை செய்யும் எழுத்தர்களும் ஆசிரியர்களும் பாதிரிமார்களும் இவ்வாறு ஒன்று கூடினர்.

அந்நாளில் பெருவழக்கிலிருந்தது 'ஓ' என வழங்கிய பாதை. அதன் அகலம் 32 மில்லிமீட்டர். ஆனால் முதல் உலகப் போருக்குப்பின் வீடுகள் சிறுத்தன. ரயிலும் சிறுக்க வேண்டியதாயிற்று. 1922இல் பேசெட் லோக் நிறுவனம், நூரம்பர்க் நகரத்துப் பிங் நிறுவனம் செய்த மேசை ரயிலை இங்கிலாந்தில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. உணவு மேசையின்மேல் ஒரு முழு ரயில் பாதையை அமைத்துவிடலாம் என்பது அதன் பெருமை. 'ஓ' அளவில் பாதியாக இருந்ததால் இவ்வகைக்கு 'பாதி ஓ' என்ற பொருளில் எச்.ஓ. என்னும் பெயர் நிலைத்தது. அதன் பாதையகலம் 16.5 மில்லிமீட்டர், மெய்யான ஓர் அடி, மாதிரியில் 3.5 மில்லிமீட்டர். உலகின் பெரும்பாலான நாடுகளில் வழங்கும் ரயில் பாதையின் அகலம் 4 அடி 8½ அங்குலம். அதை 3.5ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 16.5 வருகிறது. எனவே எச்.ஓ.வில் வண்டிக்கும் பாதைக்கும் பொருத்தம் சரியாக இருந்தது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் இதை மனநிறைவோடு ஏற்றுக்கொண்டன.

பிரிட்டனில் மட்டும் ஓர் இடர்ப்பாடு எழுந்தது. ரயில் பாதையை உலகிற்கு முதலில் அளித்த நாடு அது. முன்னோடியாக இருந்ததனாலேயே அதன் சுரங்கங்களும் பாலங்களும் ஒடுக்கமாகக் கட்டப்பட்டுவிட்டன. பாதையகலம் மற்ற நாடுகளினதைப் போன்றதே ஆயினும், அதன்மேல் ஓடும் எஞ்சினும் பெட்டியும் அவற்றைவிடச் சிறியவை. அந்தச் சிறிய எஞ்சினை 3.5 மில்லிமீட்டர் விகிதத்தில் மேலும் சுருக்கினால், அக்காலத்து மின்மோட்டாரை அதனுள் வைக்க இடமில்லை. அக்காலத்துச் சக்கரங்களோ தடித்தவை. அவை எஞ்சினின் பக்கத்தகடுகளோடு மோதின. இதற்கு ஒரு குறுக்குவழி கண்டார்கள். வண்டியை மட்டும் அடிக்கு 4 மில்லிமீட்டர் விகிதத்தில் சற்றுப் பெரிதாகச் செய்துகொண்டு, பாதையைப் பழைய 16.5 மில்லிமீட்டரிலேயே விட்டுவிட்டார்கள். இதுவே 'டபுள் ஓ' எனப்படும் முறை. 1938இல் லிவர்பூலின் மெக்கானோ நிறுவனம் 'ஹார்ன்பி டப்ளோ' என்ற பெயரில் இம்முறை ரயில்களை வெளியிட்டது. அவை பிரிட்டிஷ் இல்லங்களிற் புகுந்த பின்னர் அந்தக் குறுக்குவழியே அரசபாட்டையாகிவிட்டது.

இனி, கணக்கைச் சற்று நேரம் நாமே போட்டுப் பார்ப்போம். 4 அடி 8½ அங்குலத்தை அடிக்கு 4 மில்லிமீட்டர் வீதம் மாற்றினால் 18.83 மில்லிமீட்டர் வரும். ஆனால் பாதையோ 16.5 மில்லிமீட்டர். குறைவு 2.33 மில்லிமீட்டர். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றலாம். அதை மெய்யளவுக்குத் திருப்பினால், 4 அடி 8½ அங்குலமாக இருக்க வேண்டிய பாதை 4 அடி 1½ அங்குலமாகச் சுருங்கியிருப்பதைக் காண்கிறோம். ஏழு அங்குலம் போய்விட்டது! பெரிய ஆளுக்குச் சிறுபிள்ளையின் செருப்பை மாட்டிவிட்டது போல, அகன்ற உடலைக் கொண்ட எஞ்சின் ஒடுங்கிய கால்களின்மேல் நிற்கிறது. பக்கவாட்டில் பார்க்கும்போது இக்குறை தெரிவதில்லை. எதிரே வரும் வண்டியை நேராக நோக்கினால் மறைக்க இயலாது.

குறை இத்துடன் நிற்கவில்லை. ஒரு பிழை தனித்து வாழ்வதில்லை. தன் சுற்றத்தையும் அழைத்து வருகிறது. கடைகளில் விற்ற தண்டவாளங்களின் உயரம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நூறு பங்கு, அதாவது 2.54 மில்லிமீட்டர். பிரிட்டனில் நெடுங்காலம் வழக்கிலிருந்த 'புல்ஹெட்' தண்டவாளத்தின் மெய்யான உயரம் ஏறத்தாழ 5¾ அங்குலம். 4 மில்லிமீட்டர் விகிதத்தில் அது 1.9 மில்லிமீட்டர்தான். ஆகவே கடைத் தண்டவாளம் மூன்றில் ஒரு பங்கு மிகை உயரம். 8 அடி 6 அங்குல நீளமுள்ள குறுக்குக் கட்டை 34 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், ஆனால் எச்.ஓ. அளவிலே செய்யப்பட்ட கட்டைகள் அதனினும் குட்டையாய், நெருக்கமாய் அமைந்தன. பெட்டியில் வந்த வளைவுத் தண்டவாளத்தின் ஆரமோ 15 அங்குலம். அதை மெய்யளவாக்கினால் 29 மீட்டர். அவ்வளவு கடுமையான வளைவில் எந்த விரைவு வண்டியும் திரும்பியதில்லை.

"அப்படியானால் அகலத்தை மட்டும் 18.83 என்று திருத்திவிட்டால் போதாதா?" என்று உங்களில் ஒருவர் கேட்கக்கூடும். போதாது. காரணம், சக்கரமும் தண்டவாளமும் இரண்டு பொருள்கள் அல்ல; இரண்டும் சேர்ந்தே ஓர் இயந்திரம். ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், ஒரு தண்டவாளம் மற்றொன்றைக் கடந்தாக வேண்டும். சக்கரத்தின் உள்விளிம்பு தடையின்றிச் செல்வதற்காக அங்கே தண்டவாளத்தில் ஒரு சிறு சந்து விடப்படுகிறது. மெய்யான பாதையில் அச்சந்தின் அகலம் 1¾ அங்குலம். 4 மில்லிமீட்டர் விகிதத்தில் 0.58 மில்லிமீட்டர். 'டபுள் ஓ' முறையிலோ பொம்மைச் சக்கரத்தின் தடித்த விளிம்புக்காக அதை 1.25 மில்லிமீட்டர் வரை அகட்டினார்கள். சந்து அகன்றால் சக்கரம் அதில் விழாமலிருக்க, சக்கரத்தின் ஓடுபரப்பையும் அகலமாக்க வேண்டும். ஓடுபரப்பு அகன்றால் எஞ்சினின் பக்கங்களில் இடம் போதாது. இடம் போதாவிட்டால் பாதையை ஒடுக்க வேண்டும். இவ்வாறு பிழைகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு வட்டமாகக் கைகோத்து நின்றன. ஒன்றைத் திருத்த விரும்புபவன் எல்லாவற்றையும் திருத்தியாக வேண்டும்.

அளவுகளைப் பொதுவாக வகுத்துக்கொள்ளும் முயற்சி முதலில் அமெரிக்காவிலேதான் அமைப்பாக உருப்பெற்றது. ஒருவர் செய்த சக்கரம் இன்னொருவர் செய்த தண்டவாளத்தில் ஓடாத குழப்பத்தை நீக்கும் பொருட்டு, 1935இல் மில்வாக்கி நகரில் தேசிய மாதிரி ரயில் சங்கம் நிறுவப்பட்டது. பிரிட்டனிலும் 1940களில் அளவுத்திட்டங்கள் வகுக்கப்பட்டன. அப்போது சிலர் துணிந்து, "நாங்கள் 16.5ஐக் கைவிட்டு 18 மில்லிமீட்டரைக் கொள்கிறோம்" என்றனர். பதினெட்டு மில்லிமீட்டர் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு இது ஈ.எம். என வழங்கிற்று. மெய்யளவில் 4 அடி 6 அங்குலம். ஏழங்குலக் குறை இரண்டரை அங்குலமாகக் குறைந்துவிட்டது. 1955இல் ஈ.எம். சங்கம் தோன்றியது, அகலமும் பின்னர் 18.2 மில்லிமீட்டராகத் திருத்தப்பட்டது. முழு உண்மை அன்று. எனினும் உண்மையை நோக்கி எடுத்துவைத்த நல்லதோர் அடி.

இந்தப் பதினெட்டு மில்லிமீட்டர்ப் பாதையிலேதான் இக்கலையின் புகழ்பெற்ற படைப்புகள் இரண்டு எழுந்தன. பீட்டர் டென்னி என்ற ஆங்கிலேயப் பாதிரியார், பழைய கிரேட் சென்ட்ரல் இரயில்வேயின் கிளைப்பாதை ஒன்றைக் கற்பனையாகப் பக்கிங்ஹாம் நகருக்கு அமைத்தார். 1940களில் தொடங்கிய அவ்வேலை அவர் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. எஞ்சின், பெட்டி, நிலையம், கைகாட்டி, கால அட்டவணை அனைத்தும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க காலத்தையே சார்ந்தவையாக இருக்க வேண்டுமென்று அவர் தமக்குத்தாமே விதித்துக்கொண்டார். தம்முடன் சேர்ந்து இயக்க ஆள் இல்லாத குறையைப் போக்க, எதிர்முனை நிலையத்தின் பணியைத் தானே செய்யும் பொறி ஒன்றையும் பழம்பொருள்களைக் கொண்டு அவர் செய்து வைத்தார்.

மற்றொருவர் ஆஸ்திரேலியாவிலிருந்து 1925இல் இங்கிலாந்துக்கு வந்த ராய் இங்கிலண்டு என்னும் இளைஞர். ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கேயுள்ள வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கின் சிற்றூர்களை அவர் கண்டு மனம் பறிகொடுத்தார். ஆனால் அவர் கண்முன்னேயே பழைய கூரை வீடுகள் உருமாறின. பழைய வாழ்க்கை மறைந்தது. மறைவதைத் தடுக்க அவரால் இயலாது; ஆனால் அளந்து வைக்க இயலும். வீடு வீடாகச் சென்று அளந்தார், குறிப்பெடுத்தார், அட்டையிலும் வண்ணத்திலும் அவற்றைச் சிறிதாக மீண்டும் எழுப்பினார். தாம் இளைஞர் விடுதி நடத்திவந்த லாங் விட்டனம் என்ற ஊரில் 1954இல் பெண்டன் காட்சிக்கூடத்தை நிறுவினார். 1995இல் அவர் மறைந்த பின்னரும் அப்பணி தொண்டர்களால் தொடர்ந்து நடைபெற்று வருகிறது. அந்தப் பாதை வெறும் பாதை அன்று. 1920களிலும் 1930களிலும் வாழ்ந்த ஒரு நாட்டுப்புறத்தின் நினைவுச் சின்னம். மாதிரி ரயில் ஒரு வரலாற்று ஆவணமாகவும் ஆகலாம் என்பதை உலகிற்கு உணர்த்தியவர் அவர்.

இங்கே காலத்தின் ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். 1963இல் பிரிட்டிஷ் இரயில்வேயின் தலைவர் டாக்டர் பீச்சிங் ஓர் அறிக்கையை வெளியிட்டார். ஏறத்தாழ 5,000 மைல் நீளமுள்ள பாதைகளையும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களையும் மூடிவிடலாம் என்று அது பரிந்துரைத்தது. 1968ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தோடு பிரிட்டிஷ் இரயில்வேயின் பெரும்பாதைகளில் நீராவி எஞ்சின்களின் ஆட்சியும் முடிவுற்றது. இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையே, 1966இல், மாதிரி ரயில் ஆய்வுக் குழு என்னும் சிறு கூட்டத்தார் 'புரோட்டோஃபோர்' என்ற அளவுத்திட்டத்தை வெளியிட்டனர். மெய்யான தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், மாதிரித் தண்டவாளம் மயிரிழை பிசகாத செம்மையை நாடியது. ஒன்று மற்றொன்றின் விளைவு என்று கூறிவிட முடியாது. ஆனால் போவதற்கு அணியமாய் நிற்கும் ஒன்றையே மனிதன் கூர்ந்து நோக்குகிறான் என்பதை யாரே மறுக்க வல்லார்?

புரோட்டோஃபோர் குழுவினர் கூறியது மிக எளிய கருத்து. "மெய்யான இரயில்வேப் பொறியாளர்கள் நூற்றாண்டுக்கு மேலாகப் பட்டறிந்து வகுத்த அளவுகளே நமக்கும் அளவுகள். அவற்றை 76இல் ஒரு பங்காகச் சுருக்குவோம், வேறொன்றும் செய்யோம்" என்பதே அவர்களது கொள்கையின் சாரம். பாதையகலம் 18.83 மில்லிமீட்டர் எனக் கொண்டனர். விளிம்புச் சந்தை மட்டும், கைவேலையில் நேரும் சிறு வேறுபாடுகளுக்கு இடம்விட்டு, 0.68 மில்லிமீட்டர் என்று வைத்தனர். சக்கரத்தின் விளிம்பும் மெய்யளவிலேயே அமைந்தது. அதன் ஆழம் 0.4 மில்லிமீட்டருக்கும் குறைவு.

கொள்கை எளிது; இயற்கை அதற்கு எளிதில் இணங்கவில்லை. ஏனெனில் நீளத்தைச் சுருக்குவது போல இயற்கையின் விதிகளைச் சுருக்க முடியாது. நீளம் 76இல் ஒரு பங்கானால், எடை 76-இன் மும்மடிப் பெருக்கத்தால், அதாவது ஏறத்தாழ 4,40,000ஆல் வகுபடுகிறது. 100 டன் எடையுள்ள எஞ்சின் மாதிரியில் கால் கிலோகிராம்கூட இராது. மெய்யான எஞ்சினின் பேரெடை, அதன் வில்களின் துணையோடு, ஒவ்வொரு சக்கரத்தையும் தண்டவாளத்தின்மேல் அழுத்தி வைக்கிறது. தண்டவாளமும் சற்றே வளைந்து கொடுக்கிறது. மாதிரிக்கு அந்த எடையும் இல்லை. அதன் தண்டவாளம் வளைவதும் இல்லை. ஓர் அட்டைத் துண்டின் தடிமனுக்குப் பாதை மேடுபள்ளமாக இருந்தால், ஒரு சக்கரம் அந்தரத்தில் தூங்கும், விளிம்பு தண்டவாளத்தை விட்டு மேலேறும், வண்டி கவிழும்.

இதற்கு மாற்று நம் வீட்டு முற்றத்திலேயே உள்ளது. சமமில்லாத தரையில் நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. மூன்று கால்கள் எந்தத் தரையிலும் ஊன்றி நிற்கும் என்பது வடிவகணித உண்மை. ஆகவே எஞ்சினின் ஓர் அச்சை நிலையாக வைத்து, மற்ற அச்சுகளை நடுவில் தாங்கப்பட்ட சிறு நெம்புகோல்களின்மேல் ஏற்றினார்கள். எத்தனை சக்கரங்கள் இருந்தபோதிலும் வண்டி மூன்று புள்ளிகளிலே நிற்பது போலாயிற்று. ஒரு சக்கரம் மேடேறினால் அதன் துணை தாழ்ந்து, இரண்டும் தண்டவாளத்தைவிட்டு அகலாமல் ஓடின. பின்னர் வேறு சிலர் மெல்லிய எஃகுக் கம்பிகளை வில்லாகப் பயன்படுத்தினர். இவ்வாறு, அழகுக்காகத் தொடங்கிய முயற்சி பொறியியல் பாடமாக முடிந்தது.

பாதை அமைக்கும் வேலையும் ஒரு தவம் போன்றதே. பிரிட்டனின் பழைய பாதையில் 'புல்ஹெட்' தண்டவாளம் குறுக்குக் கட்டையின்மேல் நேராகப் படிவதில்லை. வார்ப்பிரும்பாலான இருக்கையொன்று கட்டையில் திருகப்பட்டிருக்கும். அதில் தண்டவாளத்தை நிறுத்தி மர ஆப்பால் இறுக்கியிருப்பார்கள். இதை மாதிரியில் கொண்டுவர, ஜோ புரூக் ஸ்மித் என்பவர் ஒரு வழி வகுத்தார். மெல்லிய ஒட்டுப்பலகையில் குறுக்குக் கட்டைகளை வெட்டி, துளையிட்டு, ஒவ்வொரு துளையிலும் சிறிய பித்தளைத் தறையாணி ஒன்றை இறக்கி, அதன் தலையில் தண்டவாளத்தைப் பற்றாசு வைத்து இணைப்பது அவ்வழி. அகலத்தைக் காக்க முக்கோண வடிவில் ஓர் அளவுக்கருவி உண்டு. அதன் இரண்டு முனைகள் ஒரு தண்டவாளத்திலும் ஒரு முனை மற்றதிலும் பொருந்தும். வளைவில் வைக்கும்போது, வடிவகணிதத்தின் தன்மையால், அது தானாகவே பாதையைச் சிறிதளவு அகட்டிக் கொடுக்கிறது. மெய்யான பொறியாளர்களும் கடுமையான வளைவுகளில் பாதையை அவ்வாறே அகட்டுகிறார்கள்! ஒரு மைல் பாதைக்கு 4 மில்லிமீட்டர் விகிதத்தில் 21 மீட்டர் ஆகும். அதனுள் வரும் கட்டைகளும் ஆணிகளும் பல்லாயிரம். அத்தனையையும் இரவு நேரங்களில், சம்பளம் தருவார் யாருமின்றி, ஒரு மனிதன் தன் கையால் வைத்துக்கொண்டிருந்தான்.

உலகம் இதைப் பாராட்டியதா? எல்லோரும் பாராட்டவில்லை. "தறையாணி எண்ணுவோர்" என்ற ஏளனப் பெயர் இத்தகையோருக்குக் கிடைத்தது. "மூன்றடி தொலைவில் நின்று பார்த்தால் யாருக்குத் தெரியும்? ஓடி மகிழ வேண்டிய ரயிலை ஒப்பிட்டு வருந்த வேண்டியதாக்கிவிட்டீர்களே" என்றனர் பலர். இந்த வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. கடையில் வாங்கியதை இவர்கள் பாதையில் அப்படியே ஓட்ட இயலாது. ஒவ்வொரு சக்கரத்தையும் மாற்றியாக வேண்டும். ஒரு நிலையத்தை முடிக்கப் பத்தாண்டு ஆகும். முடிக்காமலே விட்டவர்கள் பலர். "செம்மையான பாதை மேசைமேல் ஓரடி நீளத்திற்குத்தான் சாத்தியம், முழு ரயில்வே ஒன்றை இவ்வாறு நடத்திக் காட்ட முடியாது" என்பதே எதிர்ப்பாளரின் வலுவான கருவியாக இருந்தது.

அதற்கு விடை சொல்லால் அன்று, செயலால் கிடைத்தது. 1970களில் 'ஸ்கேல்ஃபோர்' என்ற சங்கம் தோன்றி இம்முறையைப் பரப்பிற்று. அதன் வடலண்டன் குழுவினர், 'ஹெக்மண்ட்வைக்' என்ற பெயரில் பெரியதோர் இரயில் காட்சியைக் கட்டி, பொதுக் கண்காட்சிகளில் ஓட்டிக் காட்டினர். நீண்ட வண்டித் தொடர்கள் பிரியும் பாதைகளைக் கடந்து, ஆடாமல் அசையாமல் சென்றதைக் கண்டவர்கள் வாதத்தை விட்டனர். இதற்கு முன்பே, இன்னும் சிறிய அளவை நாடிய மற்றொரு கூட்டமும் இருந்தது. அடிக்கு 2 மில்லிமீட்டர் என்னும் விகிதத்தைக் கொண்ட அவர்கள் 1960இல் சங்கம் கண்டனர். அவர்களது பாதையகலம் 9.42 மில்லிமீட்டர். கடைகளில் வழங்கும் சிறு ரயில்களின் அகலமோ 9 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான அந்த வேறுபாட்டுக்காக அவர்கள் சக்கரம் முதல் தண்டவாளம் வரை தாங்களே செய்துகொண்டார்கள் என்றால், அவர்களுடைய உறுதியை என்னென்பது!

இன்று நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. கணிப்பொறியில் பாதையின் வரைபடத்தை எந்த வளைவுக்கும் ஏற்ப வரைந்துகொள்ளலாம். லேசர் ஒளிக்கற்றை கட்டைகளை வெட்டித் தருகிறது. முப்பரிமாண அச்சுப்பொறி வார்ப்பிரும்பு இருக்கைகளைத் திருகுகளோடு வார்த்துக் கொடுக்கிறது. இவற்றைவிடக் கருதத்தக்க மாற்றம் வேறொன்று. பிரிட்டனின் புகழ்பெற்ற தண்டவாள உற்பத்தியாளரான பீக்கோ நிறுவனம், பழைய 16.5 மில்லிமீட்டர் அகலத்திலேயே, ஆனால் சரியான உயரமுள்ள 'புல்ஹெட்' தண்டவாளத்தோடும் மெய்யளவை நெருங்கிய கட்டைகளோடும் கூடிய பாதையை 2017ஆம் ஆண்டளவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஏழங்குலம் இன்னும் திரும்பவில்லை. பெரும்பான்மையோர் இன்றும் 'டபுள் ஓ'விலேயே மகிழ்ச்சியாக ரயில் ஓட்டுகிறார்கள். ஆயினும் சிலர் கொண்ட செம்மை வேட்கை, பலருடைய கண்களையும் கூர்மையாக்கிவிட்டது. ஒருகாலத்தில் தண்டவாளத்தைத் தரை என்றே எண்ணியவர்கள், இன்று அதையும் வண்டியைப் போலவே ஒரு மாதிரியாகக் கருதுகிறார்கள்.

முடிவாக ஒன்று கூறி அமைவேன். பெண்டன் காட்சிக்கூடத்திற்குச் செல்பவர், ராய் இங்கிலண்டின் படைப்போடு மற்றொன்றையும் அங்கே காணலாம். ஜான் அஹெர்ன் என்பவர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டி அமைத்த 'மேடர் வேலி' இரயில்வே அது. அதன் பாதையகலம் 16.5 மில்லிமீட்டர், கணக்குப்படி தவறானது. ஆனால் ஊரும் ஆறும் துறைமுகமும் சேர்ந்த ஒரு முழு நிலப்பரப்பை ரயிலுக்குச் சூழலாக அமைக்கலாம் என்று வழிகாட்டிய முன்னோடிப் படைப்பு அதுவே. பெண்டனின் பாதை 18 மில்லிமீட்டர். அதுவும் முழுச் செம்மை அன்று. 18.83ஐ எட்டியவர்கள் இவ்விரண்டையும் கண்டு வளர்ந்தவர்களே. முன்னோர் செய்த பிழையை இகழாமல், அதே நேரத்தில் அப்பிழையோடு அமைதி கொள்ளாமல், இருந்த இடத்திலிருந்து ஓரடி முன்னே வைத்ததே இந்த வரலாற்றின் பெருமை.

வசதிக்காக ஒப்புக்கொண்ட ஒரு பிழை, எல்லோரும் பழகிவிட்டால் விதியாகிவிடுகிறது. பிறகு அதைப் பிழையென்று சொல்பவனே விந்தை மனிதனாகக் காட்சியளிப்பான். மாதிரி ரயிலில் மட்டும் இவ்வாறு நிகழ்வதில்லை என்பதை நீங்கள் கற்கும் ஒவ்வொரு துறையும் உங்களுக்குக் காட்டும். அத்தகைய வேளைகளில், 2.33 மில்லிமீட்டரை அற்பமென்று தள்ளாமல், அளவுகோலை எடுத்து அளந்து, "இது குறைகிறது" என்று சொன்ன அந்த மனிதர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொன்னதோடு நிற்கவில்லை; விளக்கொளியில் அமர்ந்து, ஒவ்வோர் ஆணியாக, சரியான பாதையைத் தாங்களே இட்டார்கள்.